சான்று என்றால், எதற்குச் சான்று?

கேள்வி சுருக்கமாக இதுதான். கடலூர்க்காரர் ஒருவர் சமூகவியலில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறார். அடுத்ததாக, சமூக அறிவியலில் சான்று பற்றிய தத்துவத்தில் போஸ்ட் டாக் ஆய்வு செய்ய விரும்புகிறார். "கள ஆய்வு தெரிந்தவனுக்குத் தத்துவத் துறையில் என்ன வேலை?" என்று அவருடைய நெறியாளர் கேட்டிருக்கிறார். அந்தத் துறையில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள், இங்கிருந்து ஒருவர் அதற்குள் போக முடியுமா, எந்தக் கேள்வியோடு போவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

நான் புதுச்சேரியில் இருக்கிறேன். பல ஆண்டுகள் வினாநிரலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய பிறகு, தத்துவத் துறை ஒன்றில் இரண்டு ஆண்டு போஸ்ட் டாக் செய்தேன். ஆகவே நீங்கள் இப்போது நிற்கும் இடம் எனக்குப் பழக்கமானது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போக முடியும். கள ஆய்வு தெரிந்தவர்கள் அந்தத் துறைக்கு நிறையவே தேவைப்படுகிறார்கள். கேள்வியைத் தேடி நீங்கள் தூரம் போகவும் வேண்டாம். தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் உள்ள கரையிலேயே அது கிடக்கிறது.

எனக்கு அந்தக் கேள்வி கிடைத்தது கரையில் அல்ல, பண்ருட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில். முந்திரி உடைக்கும் வீடு. நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வீட்டுக்கார அம்மா, கொட்டையின் எண்ணெய் தோலை அரிக்காமல் இருக்கக் கைகளில் சாம்பல் பூசிக்கொண்டு உடைத்துக்கொண்டிருந்தார். வினாநிரலில் கடன் பற்றிய பகுதி வந்தது. "இப்போது குடும்பத்துக்குக் கடன் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "கடனெல்லாம் ஒன்றும் இல்லை தம்பி" என்றார். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்தைத் திருப்புவதற்குள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இளைஞன் ஒருவன் இறங்காமலே கையை நீட்டினான். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அவன் தன் நோட்டில் ஒன்றும் அவருடைய அட்டையில் ஒன்றுமாகக் குறித்துவிட்டுப் போய்விட்டான்.

"இது என்ன அம்மா?" என்றேன். "இதுவா, தண்டல்" என்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மகளிர் குழுவில் வாங்கிய லோன். அடகுக் கடையில் இருக்கும் தோடு. நாத்தனாரிடம் கைமாற்று. முந்திரி வியாபாரியிடம் வாங்கியிருந்த முன்பணம். அடுத்த ஆவணிக்குள் திருப்பிச் செய்ய வேண்டிய மொய். இவை எதுவும் அவருடைய பேச்சில் 'கடன்' இல்லை. கட்ட முடியாமல் போய், கொடுத்தவன் வாசலில் நின்று சத்தம் போட்டு, மானம் போனால்தான் அது கடன். மற்றதெல்லாம் கொடுக்கல் வாங்கல்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நானும் தவறாகக் குறிக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் குறித்தேன். ஆனால் அந்த டிக் எதற்குச் சான்று? 'இந்தக் குடும்பம் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை' என்பதற்கு அது சான்றே இல்லை. 'தலைகுனிய வைக்கும் கடன் எங்கள் வீட்டில் இல்லை என்று வெளியாளிடம் சொல்ல இவர் விரும்புகிறார்' என்பதற்கு அது மிக நல்ல சான்று. டிக் ஒன்றுதான், எந்தக் கூற்றின் பக்கத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது பதராகவும் இருக்கிறது, மணியாகவும் இருக்கிறது. (இந்த வட்டாரத்துக் கடன்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். 2010-ல் அன்றைய கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் 405 குடும்பங்களில் தொடங்கி, அதே குடும்பங்களை மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்து, கடன்களை ஒவ்வொன்றாக, யாரிடம், எதற்கு என்று கேட்டுக் குறித்தார்கள். கடன் இருக்கிறதா இல்லையா என்று ஒரே கேள்வியில் முடித்துக்கொள்ளவில்லை.)

இந்தத் துறையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. தரவு தானாகச் சான்று ஆவதில்லை. ஒரு கூற்றை எதிரே வைத்து, இரண்டுக்கும் நடுவே சில அனுமானங்களைப் பாலமாகப் போட்ட பிறகே தரவு சான்றாகிறது. அந்தப் பாலத்தில் எந்தப் பலகை ஆடுகிறது என்று மிதித்துப் பார்க்கிறவர்தான் நீங்கள் ஆக விரும்பும் ஆள். இது நமக்கு அந்நியமான வேலை என்று யாராவது சொன்னால் மணிமேகலையின் 27-ஆம் காதையை எடுத்துக் காட்டுங்கள். அளவைவாதி, அதாவது எது சரியான அறிவு என்று அளந்து பார்க்கும் தத்துவக்காரன், அங்கே காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கி, அறிவு வரும் வழிகளை வரிசைப்படுத்துகிறான். இவற்றில் எத்தனையை யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. எது சான்றாகும் என்ற வழக்கு தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

இப்போது கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட குறிப்பில் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. இந்த இரண்டு எண்களையும் எத்தனையோ கருத்தரங்குத் திரைகளில் பார்த்திருக்கிறேன். 'பேரிடரில் பெண்களே அதிகம் இறக்கிறார்கள்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். என்னால் அப்படிக் கடந்துபோக முடிந்ததில்லை.

அந்த எண்கள் எதற்குச் சான்று? நீந்தவும் மரம் ஏறவும் பெண்பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதற்கா? சேலை காலைச் சுற்றியது என்பதற்கா? ஆண்கள் படகில் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே சுனாமி அலை படகைக் கவிழ்க்கும் உயரத்துக்கு எழுவதில்லை, பெண்களோ வந்து சேரும் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள் என்பதற்கா? தப்பி ஓடியவர்கள் பிள்ளையைத் தூக்க மறுபடி வீட்டுக்குள் போனார்கள் என்பதற்கா? 391, 146 என்ற இரண்டு எண்களும் இத்தனை விளக்கங்களுக்கும் ஒரே மாதிரி இடம் கொடுக்கின்றன. ஆனால் ஒவ்வொரு விளக்கமும் செய்யச் சொல்லும் வேலை வேறு. நீச்சல் தெரியாததுதான் காரணம் என்றால் நீச்சல் கற்றுத் தரலாம். கரையில் நின்றதுதான் காரணம் என்றால் எவ்வளவு நீச்சல் கற்றுக்கொடுத்தும் அந்தக் கறுப்பு நீரில் யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள். எச்சரிக்கை மணியும், மீன் எடுக்கும் இடத்திலிருந்து மேட்டுக்கு ஓட வழியும்தான் உதவும்.

பிரித்தறிய வழி உண்டு. ஒரு விளக்கம் உண்மையானால், வேறு எங்கே என்ன தென்பட வேண்டும் என்று கேட்க வேண்டும். இருந்த இடம்தான் காரணம் என்றால், அன்று கடலுக்குப் போகாமல் கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களைப் போலவே இறந்திருக்க வேண்டும். நீச்சல்தான் காரணம் என்றால், அதே மணலில் பக்கத்தில் நின்றவர்களுக்குள் ஆண்கள் பிழைத்திருக்க வேண்டும். இதற்கான பதில் அந்த இரண்டு எண்களில் இல்லை. அன்று யார் எங்கே நின்றார் என்று ஒவ்வொரு தெருவிலும் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் 'சும்மா கதை' என்று ஒதுக்கிவிட்டு எண்ணை மட்டும் சான்று என்று சொல்கிறவர், தன் வேலையில் முக்கியமான பாதியைச் செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் தெற்கே போனால் இதைவிடச் செறிவான வழக்கு ஒன்று கிடைக்கும். நீங்கள் போஸ்ட் டாக் திட்டம் எழுத உட்காரும்போது முதலில் படிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டை அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றும் காடு. பெயரிலேயே ஒரு காரண-விளைவுக் கூற்று உட்கார்ந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரம் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு, உயிரிழப்பையும் பொருளிழப்பையும் சுற்றியிருந்த மரப்பரப்போடு ஒப்பிட்டார்கள். காடு அடர்ந்த பக்கம் இழப்பு குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். அதே ஆண்டு ஃபின் டேனியல்சனும் குழுவினரும் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து, கரைத் தாவரங்கள் காப்பாற்றின என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். நாடெங்கும் செய்தி ஆனது.

2006-ல் கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அதே 18 குப்பங்களின் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும் ஒரே அளவாக இருக்கும் குப்பங்களை ஒப்பிட்டால், காட்டின் பரப்பு உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றார்கள். அதே ஆண்டில் வெர்மாட், தம்பான்யா என்ற இருவர் இன்னொரு கணக்கு முறையில் போய், இல்லை, காடு காப்பாற்றத்தான் செய்தது என்று திருப்பினார்கள். ஒரே தரவு, குப்பத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு வரிசை, எதிரெதிர் முடிவு.

இதைப் புள்ளியியல் சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். குப்பங்கள் அந்த இடங்களில் குலுக்கல் போட்டு உட்கார்ந்தவை அல்ல. கடலில் தொழில் செய்கிறவர் படகு கண்ணில் படும் தூரத்தில், மணலை ஒட்டி வீடு கட்டுகிறார். உப்பங்கழியில் வலை வீசுகிறவர் காட்டுக்குப் பின்னால், உள்ளே தள்ளி இருக்கிறார். ஆகவே காடு, தூரம், மேடு மூன்றும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டு வருகின்றன. பதினெட்டு வரிசைகளை வைத்து அந்த முடிச்சை அவிழ்ப்பது கடினம்.

அடுத்தது இன்னும் ஆழமானது. தூரத்தைச் 'சமமாக்கி' ஒப்பிட வேண்டும் என்கிறோம். ஆனால் ஒரு குப்பம் கடலிலிருந்து தள்ளி இருப்பதற்குக் காரணமே நடுவில் காடு நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என்றால்? அப்போது தூரத்தைச் சமமாக்குவது காட்டின் பங்கை நம் கையாலேயே அழித்துவிட்டு, காட்டுக்குப் பங்கில்லை என்று சொல்வதாகும். மாறாக, மீனவர் எங்கே குடியேறினார் என்பதற்கும் காட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் தூரத்தைச் சமமாக்கியே ஆக வேண்டும். எது சரி என்பதைக் கணினி சொல்லாது. அந்தக் குப்பத்தின் குடியேற்ற வரலாறு தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அது சமூகவியல் அறிவு. உங்கள் நெறியாளர் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது.

ஃபெடரிகா ருஸ்ஸோ, ஜான் வில்லியம்சன் என்ற தத்துவவாதிகள் இருவரும் 2007-ல் மருத்துவ அறிவியலை முன்வைத்து ஒரு கருத்தைச் சொன்னார்கள். ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று நிறுவப் பொதுவாக இரண்டு வகைச் சான்று வேண்டும்: இரண்டும் சேர்ந்து மாறுகின்றன என்பதற்கு ஒன்று, எந்த வழியாக ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்கு ஒன்று. இதை எடுத்துக்கொண்டு அலையாத்தி வழக்குக்குள் போங்கள். வேரும் தண்டும் நீரோட்டத்தைத் தடுத்து வேகத்தைக் குறைக்கின்றன, வழி தெளிவானது. ஆனால் எந்த உயரம் வரைக்கும்? அதற்கு மேல் வந்தால் முறிந்த மரமே உள்ளே அடித்துவரப்பட்டு ஆளை மோதும். ஆக, அந்த வழியே 'இந்த அளவு அலைக்கு' என்று ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டுதான் வருகிறது. சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் சவுக்கு நட்டார்கள். மணலில் நிற்கும் சவுக்கு சேற்றில் நிற்கும் சுரபுன்னை அல்ல. அன்று அந்தக் குப்பத்தைக் காடு காப்பாற்றியது என்பதற்கு உள்ள சான்றை, நாளை இந்தக் குப்பத்தைச் சவுக்கு காப்பாற்றும் என்பதற்கு அப்படியே எடுத்து வைக்க முடியாது. இதில் தவறினால் போவது உயிர்.

அங்கே நடந்தது இங்கே நடக்குமா? சமூக அறிவியலில் சான்று பற்றிய தத்துவத்தில் கடந்த இருபது ஆண்டுகளாக அதிகம் பேசப்படும் கேள்வி இதுதான். இதைப் பேச உலகம் முழுவதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் தமிழ்நாட்டினுடையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

உலக வங்கி உதவியோடு 1980-ல் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு. தாய்க்கு எதைக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற அறிவுரை. கடுமையான ஊட்டச்சத்துக் குறை குறைந்தது. (1982-ல் சத்துணவுத் திட்டமும் வந்துவிட்டதால், எந்தப் பங்கு எதனுடையது என்பது தனி விவாதம்.) இதைப் பார்த்து 1995-ல் வங்கதேசத்தில் ஏறக்குறைய இதே அச்சில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எதிர்பார்த்த பயன் வரவில்லை.

நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவவாதியும் ஜெரமி ஹார்டியும் 2012-ல் இதை எடுத்து அலசினார்கள். வங்கதேச மதிப்பீட்டாளர்கள் கண்டது இது: அங்கே கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று பரிமாறுவதில் மாமியாரின் சொல் நிற்கிறது. அறிவுரை பெற்ற மருமகளின் கையில் கரண்டி இல்லை. குழந்தைக்குக் கொடுத்த கூடுதல் உணவும் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் போய்விட்டது.

'தமிழ்நாட்டில் வேலை செய்தது' என்ற செய்தியில் தவறில்லை. எது வேலை செய்தது என்று அதற்குப் பெயர் வைத்த விதத்தில்தான் பிசகு. 'தாய்க்கு அறிவுரை சொன்னால் குழந்தை தேறும்' என்று எழுதினால் அது நம் ஊருக்கு மட்டும் உண்மை. ஒரு படி மேலே ஏறி, 'எந்த உணவு வாங்குவது, யாருக்குப் போடுவது என்று தீர்மானிக்கிறவரும், குழந்தை தேற வேண்டும் என்று துடிக்கிறவரும் ஒருவரேயானால், அவருக்கு அறிவுரை சொன்னால் குழந்தை தேறும்' என்று எழுதினால் அது இரண்டு நாட்டுக்கும் பொருந்தும். நம் ஊரில் அவர் தாயாக இருந்தார். அங்கே அந்த வேலை மூன்று பேருக்குப் பிரிந்து கிடந்தது. பண்ருட்டித் திண்ணையில் நான் தவறவிட்டதும் இதைத்தான். 'கடன்' என்ற சொல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டேன்.

கலிஃபோர்னியாவிலும் இப்படி நடந்தது. டென்னசியில் 1985-ல் தொடங்கிய சோதனையில், வகுப்பில் பிள்ளைகளைக் குறைத்தால் படிப்பு மேம்படுகிறது என்று தெரிந்தது. 1996-ல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் இதைச் செய்தபோது போதிய ஆசிரியர் இல்லை, வகுப்பறை இல்லை, பயிற்சி பெறாதவர்கள் அவசரமாக உள்ளே வந்தார்கள், பயன் கரைந்தது.

குலுக்கல் முறைச் சோதனை, அதாவது ஆர்.சி.டி. பற்றி நீங்கள் கட்டாயம் ஒரு நிலை எடுக்க வேண்டியிருக்கும். எந்த நேர்காணலிலும் இதைக் கேட்பார்கள். யாருக்குத் திட்டம், யாருக்கு இல்லை என்று குலுக்கல் போட்டுப் பிரித்து, இரண்டு பக்கத்தின் சராசரியையும் ஒப்பிடுவது இந்த முறை. வறுமை ஒழிப்பில் இதைக் கையாண்டதற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 2015-ல் அதே பரிசைப் பெற்ற ஆங்கஸ் டீட்டன், கார்ட்ரைட்டோடு சேர்ந்து 2018-ல் எழுதிய கட்டுரையில் இந்த முறை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று நிதானமாகப் பிரித்துக் காட்டினார். குலுக்கல் தருவது அந்தக் கூட்டத்தில், அந்தக் காலத்தில், சராசரியாக வந்த மாற்றம். சராசரிக்குள் சிலர் கெட்டிருக்கலாம், சிலர் நிறையப் பயனடைந்திருக்கலாம். ஒரே ஒருமுறை போட்ட குலுக்கல் இரண்டு பக்கத்தையும் எல்லா வகையிலும் சமமாக்கிவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கார்ட்ரைட் இன்னொரு நல்ல பிரிவினை செய்கிறார். சில முறைகள் ஒரு முடிவை அறுதியிட்டு முடித்துவைக்கும். ஆனால் முடிவு குறுகியது. சில முறைகள் முடித்துவைக்காது, வலுச்சேர்க்கும். ஆனால் அகன்ற கூற்றுக்கு வலுச்சேர்க்கும். ஆர்.சி.டி. முதல் வகை. என் நிலையைச் சொல்கிறேன்: குலுக்கல் முறை நல்ல கருவி, அதைச் சான்றுகளின் படிக்கட்டில் எப்போதும் உச்சியில் உட்கார வைப்பது தவறு. இசபெல் கெரான் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து இந்த வட்டாரக் கிராமங்களில் நெடுங்காலம் கடனை ஆராய்ந்தவர். அவரும் இன்னும் இருவரும் பதிப்பித்து 2020-ல் வந்த தொகுப்பு இந்த முறையைப் பற்றிய முக்கியமான விமர்சனங்களில் ஒன்று. தண்டல்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்று தெரிந்த ஊர்களிலிருந்து அந்த விமர்சனத்தின் ஒரு பகுதி எழுந்தது என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சான்றை மறுபடி படிப்பதும் இந்தத் துறையில் வரும். ஆலிசன் வைலி என்ற தத்துவவாதி தொல்லியலை வைத்து இதைப் பேசுகிறார். நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியை ஒட்டி, பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமானியப் பானையோட்டின் காலத்தைக் கொண்டு தென்னிந்தியப் பானைகளுக்குக் காலம் குறித்தார். அவர் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதிய ஒரு வகை ஓடு இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்று பிற்காலத்தில் தெளிவானது. ஓடு மாறவில்லை. அதைப் படிக்க உதவிய பலகைகள் மாறின. சமூக ஆய்வில் இதற்கு இணையாகப் பழைய தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர் 1916-ல் ஆராய்ந்த ஊர்; அதன் பிறகு 2008 வரை பலமுறை மறு ஆய்வு நடந்திருக்கிறது. 1916-ல் 'பண்ணையாள்' என்று எழுதியதையும் 2008-ல் 'கூலி' என்று எழுதியதையும் ஒரே வரைபடத்தில் வைக்கலாமா? இந்த ஒரு கேள்வியே இரண்டு ஆண்டுக்குப் போதும்.

இனி நடைமுறை. இந்தியாவிலேயே செய்வதென்றால் இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தரும் போஸ்ட் டாக் ஃபெலோஷிப் ஒன்று, இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகமான ஐ.சி.பி.ஆர். தருவது இன்னொன்று. புதுவைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. சமூக அறிவியல் துறையையும் தத்துவத் துறையையும் சேர்த்து இரண்டு பேரிடம் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள். ஒரு துறைக்குள் மட்டும் போனால் மற்றது வாடிவிடும். வெளிநாடு என்றால் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் கார்ட்ரைட் பணியாற்றிய மையம், ஹெல்சின்கி, ராட்டர்டாம் ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடியது. முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், ஏற்றுக்கொள்ளும் ஒருவர் அங்கே வேண்டும். அவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் உங்கள் தகுதிகளைச் சுருக்கி, கேள்வியை விரித்து எழுதுங்கள்.

அங்கே போனதும் ஒரு வேறுபாடு உங்களை உலுக்கும். நான் கொடுத்த முதல் கருத்தரங்கில் இருபது நிமிடம் அட்டவணைகளைக் காட்டினேன். முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் கனிவாகக் கேட்டார்: "இதில் நீங்கள் எதை மறுக்கிறீர்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. நம் துறையில் 'உங்கள் தரவு என்ன' என்பார்கள். அங்கே வாதம் வேண்டும். யாரோ ஒரு கெட்டிக்காரர் நம்பும் ஒன்றை நீங்கள் மறுக்க வேண்டும், அவர் திருப்பிச் சொல்லக்கூடியதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். அலையாத்தி வழக்கில் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டுகிறேன்: 'எதைச் சமமாக்கி ஒப்பிட வேண்டும் என்பதைத் தரவு தீர்மானிக்கும் என்று கருதுகிறார்கள், குடியேற்ற வரலாறு தெரியாமல் அதைத் தீர்மானிக்க முடியாது என்று நான் வாதிடுகிறேன்.' இதில் மறுப்பும் இருக்கிறது, உங்கள் பழைய படிப்புக்கு வேலையும் இருக்கிறது.

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் முதல் பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். கூற்று எது, அதற்குச் சான்றாக எதைக் காட்டுகிறார்கள், நடுவில் எந்தப் பலகை ஆடுகிறது, அது ஆடுவதால் யாருக்கு என்ன கெடுதல் என்று ஒரே பக்கம். என் திட்டத்தை நான் ஆறு மாதம் ஆங்கிலத்திலேயே எழுதி எழுதித் திணறினேன். ஒரு நாள் இரவு அந்தத் திண்ணையையும் சாம்பல் கையையும் தண்டல் அட்டையையும் தமிழில் எழுதி முடித்தபோது, திட்டம் தானாக நிமிர்ந்து நின்றது. உங்களுக்கு அது எந்தக் குப்பம், எந்தத் தெரு என்று எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டுப் பலகைகளை இருவருமாக மிதித்துப் பார்க்கலாம்.